ரயில் நின்றால் யாருடைய சம்பளம் நிற்கும்? அவசரகாலமும் புகையிரத ஊழியரின் தொழில் பாதுகாப்பும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இந்நாட்டைத் தாக்கியபோது அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. வீடுகள், பாலங்கள், வயல்கள் என்று அழிவின் பட்டியல் நீண்டது. மலையகப் புகையிரதப் பாதை மண்சரிவுகளால் பல இடங்களில் சிதைந்தது. ஏனைய பாதைகளிலும் சேவைகள் தடைப்பட்டன. ஜனாதிபதி அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தார். அந்த நாட்களில் செய்திகளில் நாம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்விதான்: பாதை எப்போது திறக்கப்படும், ரயில் எப்போது ஓடும்?

அதிகம் கேட்கப்படாத இன்னொரு கேள்வி இருக்கிறது. ரயில் ஓடாத நாட்களில் ரயிலை நம்பித் தொழில் செய்பவனின் நிலை என்ன? அவனுக்குச் சம்பளம் உண்டா? பாதை திறந்த பிறகு அதே வேலை அவனுக்குத் திரும்பக் கிடைக்கும் என்பதற்கு யார் உத்தரவாதம்? இக்கட்டுரையில் இந்தக் கேள்வியைத்தான் ஆராய விரும்புகிறேன்.

"புகையிரத ஊழியர்கள் அரச ஊழியர்கள்தானே, ரயில் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன, மாதம் முடிந்தால் சம்பளம் வங்கிக்குப் போய்விடும்" என்று பலர் நினைக்கின்றனர். நிரந்தர நியமனம் பெற்ற சாரதிக்கும், நிலைய அதிபருக்கும், காப்பாளருக்கும் இது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் ரயில் சேவை அவர்களால் மட்டும் நடப்பதில்லை. அமைய அடிப்படையில் வேலை செய்பவர்கள், ஒப்பந்த நிறுவனங்கள் ஊடாகத் துப்புரவு வேலைக்கு வருபவர்கள், கடவைகளில் இரவு பகலாக நிற்பவர்கள், நிலையங்களில் சுமை தூக்குபவர்கள், பெட்டிக்குப் பெட்டி ஏறி வடையும் கடலையும் விற்பவர்கள் என்று பெரியதொரு கூட்டம் இருக்கிறது. இவர்களில் பலருக்கு நியமனக் கடிதமே கிடையாது. ரயில் நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும்.

இதற்கு மிகத் தெளிவான உதாரணம் புகையிரதக் கடவைக் காப்பாளர்கள். பாதுகாப்பற்ற கடவைகளில் அடிக்கடி விபத்துகள் நடந்ததால், இரண்டாயிரம் பேரளவில் பொலிஸ் திணைக்களத்தின் ஊடாக இவ்வேலைக்குச் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். காவல் காப்பது புகையிரதப் பாதையை. கொடுப்பனவு வருவது பொலிஸிடமிருந்து. நாளொன்றுக்கு 250 ரூபாவுக்கு, அதாவது மாதம் முழுவதும் ஒரு நாள் கூடத் தவறாமல் வந்தாலும் 7,500 ரூபாவுக்கு, பல வருடங்கள் இவர்கள் வேலை செய்தனர். வடக்கிலும் கிழக்கிலும் புத்தளம் பாதையிலும் இந்த வேலையில் இருந்தவர்களில் யுத்தத்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தோர் அநேகர். நிரந்தர நியமனம் கேட்டு அவர்கள் பல தடவைகள் வீதிக்கு இறங்கினர். "நீங்கள் எங்கள் ஊழியர் அல்ல" என்று இரண்டு திணைக்களங்களும் சொல்லக்கூடிய ஓர் இடைவெளியில் அவர்களை அரசு வைத்திருந்தது. சாதாரண நாட்களிலேயே இதுதான் நிலை என்றால், வெள்ளமும் தொற்றுநோயும் வரும்போது அவர்களின் கதியை விளக்கத் தேவையில்லை.

அமெரிக்காவின் அனுபவம்

இந்த விடயத்தில் அமெரிக்கப் புகையிரதத் துறையின் அனுபவத்தை நாம் அறிந்துகொள்வது பயனுள்ளது. அங்கே புகையிரதக் கம்பனிகளில் பெரும்பாலானவை தனியாருக்குரியவை. ஆட்குறைப்புச் செய்வது அவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் அதற்கென்று எழுதப்பட்ட விதிகள் உள்ளன.

1962 இல் செய்துகொள்ளப்பட்ட தேசிய உடன்படிக்கை ஒன்றின்படி, ஒரு பதவியை இல்லாமற் செய்வதாக இருந்தால் ஐந்து வேலைநாட்களுக்கு முன்னர் அறிவிக்க வேண்டும். வெள்ளம், பனிப்புயல், சூறாவளி, நிலநடுக்கம், தீ, தொழிற்பிணக்கு போன்ற அவசர நிலைகளில் அந்த முன்னறிவித்தல் 16 மணித்தியாலமாகக் குறையும். பின்னர் வந்த உடன்படிக்கைகளில் அவசர நிலைக்கு அந்த 16 மணித்தியாலமும் தேவையில்லை என்றாகியது. இதுவரை கேட்கும்போது கம்பனிக்கு மட்டுமே சாதகமான விதியாகத் தெரியும். ஆனால் அதே விதியில் இரண்டு கடிவாளங்கள் போடப்பட்டுள்ளன. முதலாவது, அவசர நிலையால் சேவை முழுமையாகவோ பகுதியாகவோ நின்றிருக்க வேண்டும். அத்தோடு குறித்த ஊழியர் செய்த வேலை உண்மையிலேயே இல்லாமற் போயிருக்க வேண்டும். எங்கோ ஒரு மூலையில் வெள்ளம் வந்ததைக் காட்டி இன்னொரு மூலையில் இருப்பவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. இரண்டாவது, வேலை இல்லை என்று அறிவிக்கப்படாமல் ஒருவர் வேலைக்கு வந்துவிட்டால், அவருக்குக் குறைந்தது நான்கு மணித்தியாலச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

இதற்கு மேலாக, 1938 இல் நிறைவேற்றப்பட்ட சட்டமொன்றின் கீழ் புகையிரத ஊழியருக்கென்றே தனியான வேலையின்மைக் காப்புறுதி அங்கு இருக்கிறது. அதற்கான பணத்தைக் கம்பனிகளே செலுத்துகின்றன. சட்டபூர்வமான வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டவருக்குக் கூட ஆரம்ப 14 நாட்கள் கழிந்த பின்னர் அதிலிருந்து உதவி கிடைக்கும். இந்நாட்டில் நம்மால் கற்பனை செய்யவும் முடியாத ஏற்பாடு இது.

இதனால் அமெரிக்கா தொழிலாளியின் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. 2022 டிசம்பரில் அந்நாட்டின் காங்கிரஸ், பல தொழிற்சங்கங்களின் உறுப்பினர்கள் நிராகரித்திருந்த ஒப்பந்தத்தைச் சட்டமாக்கி வேலைநிறுத்தத்தைத் தடுத்தது. சம்பளத்துடன் கூடிய சுகவீன விடுமுறை வேண்டும் என்ற அவர்களின் முக்கிய கோரிக்கையை செனட் சபை ஏற்கவில்லை. ஆனாலும், அவசர நிலையில் யாரை எப்போது எவ்வாறு வீட்டுக்கு அனுப்பலாம் என்பதற்கு அங்கே எழுத்தில் ஒரு விதி உண்டு. அந்த விதியை மீறினால் தொழிற்சங்கம் முறைப்பாடு செய்து நடுவர் முன் வாதாடவும் வழி உண்டு.

இங்கே நடப்பது நேரெதிர்

அமெரிக்காவில் "அவசரம்" என்ற சொல் ஊழியரை வீட்டுக்கு அனுப்பப் பயன்படுகிறது. இலங்கையில் அதே சொல் ஊழியரை வேலைக்கு இழுத்து வரவும், வராதவரைச் சேவையிலிருந்தே துரத்தவும் பயன்பட்டு வந்திருக்கிறது.

இதற்கு இரண்டு பிரதான கருவிகள் அரசின் கையில் உள்ளன. ஒன்று, பிரித்தானியர் காலத்தின் கடைசியில், 1947 இல் கொண்டுவரப்பட்ட பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். மற்றையது, 1979 ஆம் ஆண்டின் 61 ஆம் இலக்க அத்தியாவசிய பொதுச் சேவைகள் சட்டம். இந்த இரண்டாவது சட்டத்தின் கீழ் ஒரு சேவை அத்தியாவசியமானது என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டால், வேலைக்குச் சமுகமளிக்காதிருப்பது குற்றமாகிவிடும். நீதவான் முன்னிலையில் சுருக்க முறை விசாரணையின் பின், இரண்டு முதல் ஐந்து வருடங்கள் வரை கடூழியச் சிறை விதிக்கலாம். சொத்தைப் பறிமுதல் செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. கட்சிகள் மாறினாலும் ஆட்சிக்கு வந்த எல்லோரும் இந்தச் சட்டத்தைப் பத்திரமாக வைத்திருந்து தேவைப்பட்டபோது எடுத்துப் பயன்படுத்தினர்.

இதன் கொடூரத்தை நாடு பார்த்தது 1980 ஜூலையில். வாழ்க்கைச் செலவு உயர்வுக்கு எதிராக 300 ரூபா சம்பள உயர்வு கேட்டுத் தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தத்தில் இறங்கின. இரத்மலானை புகையிரத வேலைத்தளம் அப்போராட்டத்தின் முக்கிய களங்களில் ஒன்று. ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசாங்கம் அவசரகால நிலையை அறிவித்து, சேவைகளை அத்தியாவசியமாக்கி, குறித்த நேரத்தில் வேலைக்குத் திரும்பாதோர் பதவியைத் தாமாகவே விட்டுச் சென்றவர்கள் என்று கணக்கெடுத்தது. நாற்பதாயிரம் பேரளவில் வேலையை இழந்தனர். ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிக்கவில்லை. குற்றப்பத்திரம் இல்லை. "நீ விலக்கப்படவில்லை, நீயாகவே விலகிவிட்டாய்" என்ற ஒரே வாசகம் போதுமாக இருந்தது. அக்குடும்பங்கள் பட்ட பாட்டை அக்காலத்து மனிதர்கள் இன்றும் சொல்வார்கள். தொழிற்சங்க இயக்கம் அந்த அடியிலிருந்து எழும்பப் பல வருடங்கள் சென்றன.

அது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2024 ஜூலையில் புகையிரத நிலைய அதிபர்கள் பணிப்பகிஷ்கரிப்பில் ஈடுபட்டபோதும், பணிக்குத் திரும்பாதோர் சேவையை விட்டு விலகியவர்களாகக் கருதப்படுவர் என்ற அதே எச்சரிக்கை விடுக்கப்பட்டது. நாற்பத்து நான்கு வருடங்கள் கழிந்தும் அதே வாசகம்.

சட்டம் யாரைப் பாதுகாக்கிறது?

இந்நாட்டில் தொழில் பாதுகாப்புச் சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தல் (விசேட ஏற்பாடுகள்) சட்டம், ஆசியாவிலேயே இறுக்கமான சட்டங்களில் ஒன்று என்று முதலாளிமார் அடிக்கடி முறையிடுவர். பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறு காரணத்துக்காக ஒருவரை நிறுத்துவதானால், அவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும்.

ஆனால் இந்தக் குடைக்குக் கீழே யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். அரச திணைக்கள ஊழியர்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. அவர்கள் தாபன விதிக்கோவைக்கும் அரசாங்க சேவை ஆணைக்குழுவின் நடைமுறைகளுக்கும் உட்பட்டவர்கள். தனியார் துறையிலும் பன்னிரண்டு மாதத்தில் 180 நாட்கள் வேலை செய்யாதவருக்கு இதன் பாதுகாப்பு கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஆட்களை மாற்றும் ஒப்பந்த நிறுவனம் எளிதாகத் தப்பிவிடும். கடவைக் காப்பாளர் போன்றோரோ எந்தக் குடைக்குக் கீழும் இல்லை. ஆக, நிரந்தர ஊழியருக்கு ஆபத்து வேலைநிறுத்தம் செய்யும்போது வருகிறது. நிரந்தரமற்றவருக்கு ஆபத்து வானம் இருளும்போதெல்லாம் வருகிறது.

இதைவிடப் பெரிய குறை, வேலையிழந்தவருக்குக் கைகொடுக்கும் வேலையின்மைக் காப்புறுதி எதுவும் இந்நாட்டில் நடைமுறையில் இல்லை என்பது. ஊழியர் சேமலாப நிதியம் முதுமைக்கான சேமிப்பு. 

பயணிகளின் நியாயம்

இந்த இடத்தில் வாசகர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். "திடீர் திடீரென்று பணிப்பகிஷ்கரிப்புச் செய்து மக்களை நடுத்தெருவில் விடுபவர்களுக்காகவா பேசுகிறீர்?" என்பதே அது. நியாயமான கேள்வி. மட்டக்களப்பிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் வாழைச்சேனையிலிருந்தும் இரவு ரயிலில் கொழும்புக்கு சிகிச்சைக்குப் போகும் நோயாளிகள் நம் ஊர்களில் எத்தனை பேர்? பஸ்ஸில் அவ்வளவு தூரம் உட்கார்ந்து போக முடியாதவர்களுக்கு ரயிலே கதி. 2023 செப்டெம்பரில் நடந்த பணிப்பகிஷ்கரிப்பின்போது, நெரிசலில் இடமின்றி ரயில் கூரையில் பயணித்த இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அந்தத் தாயிடம் போய்த் தொழிற்சங்க உரிமை பற்றி விளக்க என்னால் முடியாது.

ஆயினும், மக்களின் துன்பத்தைக் குறைக்கும் வழி ஊழியரைச் சிறைக்கு அனுப்பும் வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சர்வதேச தொழில் அமைப்பின் 87 ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1995 இல் ஏற்றுக்கொண்டது. உயிருக்கும் உடல்நலத்துக்கும் நேரடி ஆபத்து உண்டாக்கும் சேவைகளையே கண்டிப்பான பொருளில் அத்தியாவசியமானவை என்று அவ்வமைப்பின் குழுக்கள் கருதி வந்துள்ளன. வைத்தியசாலை, குடிநீர், மின்சாரம் என்பன அதில் அடங்கும். பொதுப் போக்குவரத்து பொதுவாக அதில் அடங்காது. ஆனால் ரயில் போன்ற சேவையில் வேலைநிறுத்த நாட்களிலும் குறைந்தபட்ச சேவை ஒன்றை நடத்தும்படி கேட்பது நியாயம் என்று அக்குழுக்கள் ஏற்றுக்கொள்கின்றன. காலையில் சில ரயில்கள், மாலையில் சில ரயில்கள், தூர இடங்களுக்கு ஓர் இரவு ரயில் என்று முன்கூட்டியே பேசி எழுதி வைத்தால், நோயாளியும் போய்ச் சேருவார், ஊழியரின் உரிமையும் பிழைக்கும். தொழிற்சங்கங்களும் முன்னறிவித்தல் இல்லாமல் நள்ளிரவில் வேலையை நிறுத்தும் பழக்கத்தைக் கைவிட வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பினால் இலாபமா?

இன்னொரு வாதம் செலவு பற்றியது. புகையிரதத் திணைக்களம் நட்டத்தில் ஓடுகிறது, நாடு பொருளாதார நெருக்கடியிலிருந்து இன்னும் முழுதாக மீளவில்லை, ஓடாத ரயிலுக்கு ஏன் ஆட்கள் என்பர்.

இதற்கும் அமெரிக்காவே பதில் சொல்கிறது. கொவிட் காலத்தில் பயணிகள் குறைந்ததால், அரச நிதியில் தங்கியிருக்கும் பயணிகள் ரயில் நிறுவனமான அம்ட்ராக், 2020 ஒக்டோபரில் தனது தூர சேவைகள் பலவற்றை வாரத்துக்கு மூன்று நாட்களாகக் குறைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்பியது. 2021 மார்ச்சில் காங்கிரஸ் மேலதிக நிதி ஒதுக்கி அவர்களைத் திருப்பி அழைக்கும்படி செய்தது. ஆனாலும் 2022 ஜனவரியில் புதிய தொற்று அலை வந்தபோது ஆள் பற்றாக்குறையால் தூர சேவைகளை மறுபடியும் குறைக்க நேர்ந்தது. சரக்கு ரயில் கம்பனிகளின் கதை இன்னும் மோசம். ஆறு வருடங்களில் தமது ஊழியர் தொகையை 29 வீதத்தால், அதாவது 45,000 பேரளவில் குறைத்திருந்தன என்று 2022 இல் அந்நாட்டின் தரைவழிப் போக்குவரத்துச் சபையின் தலைவர் மார்ட்டின் ஓபர்மன் சுட்டிக்காட்டினார். தானியமும் பசளையும் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்ற முறைப்பாடுகளை விசாரிக்க அச்சபை பகிரங்க அமர்வு நடத்த வேண்டியிருந்தது. ரயில் சாரதியையோ சமிக்ஞை திருத்துபவரையோ ஒரு வாரத்தில் உருவாக்க முடியாது. போனவர்கள் வேறு தொழில் தேடிக்கொள்வார்கள்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமியின்போது பெரலியவில் ஒரே ரயிலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கரையோரப் பாதை கிலோமீற்றர் கணக்கில் பிடுங்கி எறியப்பட்டது. அதை 57 நாட்களில் சரிசெய்து ரயிலை ஓடவிட்டவர்கள் நமது புகையிரத ஊழியர்கள். "ரயில்தான் ஓடவில்லையே" என்று அவர்களை அன்று வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அந்தப் பாதை எப்போது திறந்திருக்கும்? அனர்த்த காலத்தில் ரயில் ஊழியர் உபரி ஆட்கள் அல்லர். பாதையை மீட்டெடுக்கும் கைகள் அவர்களுடையவை.

செய்ய வேண்டியவை

என் பார்வையில், புதிதாகப் பெரிய சட்டம் எழுதும்வரை காத்திராமல் சில காரியங்களைச் செய்யலாம்.

முதலாவதாக, புயல், வெள்ளம் போன்ற அனர்த்தத்துக்காக விடுக்கப்படும் அத்தியாவசிய சேவை அறிவித்தலைத் தொழிற்பிணக்கை நசுக்கப் பயன்படுத்தக் கூடாது. எந்தப் பாதை, எத்தனை நாட்கள், என்ன காரணம் என்பது அறிவித்தலிலேயே இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, "பதவியை விட்டு விலகியவராகக் கருதப்படுவார்" என்ற வாசகத்தைக் கூட்டமாக எல்லோர் மீதும் வீசும் வழக்கம் ஒழிய வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியான கடிதம், விளக்கமளிக்க அவகாசம், மேன்முறையீடு ஆகியன இன்றி எவரது தொழிலும் பறிக்கப்படலாகாது. வெள்ளத்தால் வீட்டை விட்டு வர முடியாதவரும் அன்று வேலைக்கு வராதவர்தான் என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாவதாக, பாதை மூடப்படும் நாட்களில் அமைய, ஒப்பந்த ஊழியருக்கு ஒரு குறைந்தபட்சக் கொடுப்பனவு வேண்டும். இதற்கு முன்மாதிரி நம்மிடமே உள்ளது. 2020 மே, ஜூன் மாதங்களில் வேலைக்கு அழைக்கப்படாத தனியார் துறை ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபா, இவற்றில் எது அதிகமோ அதைக் கொடுப்பது என்று அரசும் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் முத்தரப்பாக இணங்கினர். கொவிட்டுக்குச் செய்ய முடிந்ததை வெள்ளத்துக்கும் செய்யலாம். அறிவிக்கப்படாமல் வேலைக்கு வந்து திரும்பியவருக்கு அரைநாள் சம்பளம் கொடுப்பது பெரிய சுமையல்ல.

நான்காவதாக, பாதை திறந்ததும் முன்பு வேலை செய்தவர்களைச் சேவை மூப்பின்படி முதலில் அழைக்க வேண்டும். அப்பட்டியல் முடியும்வரை புதியவர்களைச் சேர்க்கக் கூடாது. அரசியல்வாதியின் கடிதத்தோடு வருபவருக்காகப் பழையவரின் இடம் பறிபோகும் நோய்க்கு இதுவே மருந்து.

ஐந்தாவதாக, கடவையில் நிற்பவர் யாருடைய ஊழியர் என்பதற்கு ஒரே பதில் இருக்க வேண்டும். பாதை யாருடையதோ ஊழியரும் அவர்களுடையவரே. நியமனக் கடிதமும் சேமலாப நிதியும் அதன் பின்னே தானாக வரும்.

இறுதியாக நிரந்தர ஊழியரின் தொழிற்சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. பதவி உயர்வுக்கும் மேலதிக நேரக் கொடுப்பனவுக்கும் ரயிலை நிறுத்தத் தெரிந்த உங்களுக்கு, பக்கத்துக் கடவையில் நாட்கூலிக்கு நிற்பவனுக்காக ஒரு கோரிக்கையை முன்வைக்கவும் தெரிய வேண்டும். 1980 இல் நாற்பதாயிரம் பேர் தெருவுக்கு வந்தபோது அவர்களுக்காக நாடு திரண்டு எழவில்லை. தமக்கு மட்டுமாகக் கேட்பவர் ஆபத்தில் தனித்தே நிற்க நேரும்.

அடுத்த மழைக்காலம் வரத்தான் போகிறது. மலையகத்தில் மண் மறுபடி சரியலாம், கிழக்கில் வெள்ளம் தண்டவாளத்தை மூடலாம். பாதையைத் திருத்துவதற்குத் திட்டமும் கடனுதவியும் தேடும் அரசாங்கம், அந்தப் பாதையில் வேலை செய்பவனின் அடுப்பு அணையாமல் இருக்க ஒரு பக்கத்தில் சில விதிகளை எழுதி வைக்க வேண்டும். அதற்கு வெளிநாட்டுக் கடன் தேவையில்லை. மழை வருவதற்கு முன் அதைச் செய்தால் போதும்.